மூன்று பிறந்தநாளும் இரண்டு பேரும்

ஒவ்வொரு ஜனவரி ஒன்றாம் தேதியும் விடியற்காலையிலிருந்தே என் போன் அடித்துக்கொண்டிருக்கும். புத்தாண்டு வாழ்த்து இல்லை, பிறந்தநாள் வாழ்த்து. எனக்கு மட்டுமா? எண்பது வயசு அம்மாவுக்கும் அன்றைக்குத்தான் பிறந்தநாள். அக்காவுக்கும் அதே நாள். எதிர்வீட்டுப் பர்மியக் குடும்பத்தில் நாலு பேர், மூலைக்கடையில் மோஹிங்கா என்கிற மீன்சாறு நூடுல்ஸ் விற்கிற அம்மா, அவர் மருமகன் என்று எங்கள் தெருவில் பாதிப்பேர் ஒரே நாளில் பிறந்திருக்கிறோம். அம்மா ஃபேஸ்புக் கணக்குப்படி 1990இல் பிறந்தவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயசு இளையவர்.

எல்லாம் ஒரு போன் கடைப் பையன் செய்த வேலை.

ரங்கூனில் ஒரு சிம் கார்டு பல லட்சம் கியாட் விற்ற காலம் உண்டு. 2013இல் அரசாங்கக் கம்பெனி 1,500 கியாட்டுக்கு சிம் தருகிறேன் என்று குலுக்கல் நடத்தியது. எங்கள் வீட்டில் யாருக்கும் விழவில்லை. மறுவருஷம் வெளிநாட்டுக் கம்பெனிகள் இரண்டு வந்தன, அதே 1,500க்கு யார் கேட்டாலும் சிம். கீரைக்காரம்மா கையில்கூடத் தொடுதிரை வந்துவிட்டது. போன் வாங்கிய கையோடு கடைப் பையனே கணக்கும் திறந்து கொடுத்துவிடுவான். இங்கே இணையம், ஃபேஸ்புக் என்றெல்லாம் யாரும் பிரித்துச் சொல்வதில்லை, எல்லாம் சேர்ந்து 'லைன்'. "லைன் போட்டுத் தரவா?" என்று கேட்பான், கூட ஆயிரம் கியாட் வாங்குவான். வரிசையில் இருபது பேர் நிற்கும்போது ஒவ்வொருத்தரிடமும் பிறந்த தேதி கேட்டுக்கொண்டிருக்க அவனுக்கு நேரம் ஏது? ஜனவரி 1, 1990. அடுத்த ஆள். ஈமெயில் விலாசம் கடையுடையது. கடவுச்சொல்லைப் போன் பெட்டியின் பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் எழுதித் தந்தான். வருகிறவன் போகிறவன் எல்லாம் பார்க்கும்படி அந்தப் பெட்டி மூணு வருஷம் எங்கள் வீட்டுச் சாமி அலமாரிக்கு மேலே இருந்தது.

அப்போது அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. சொல்லப்போனால் நிம்மதியாகவே இருந்தது. ஏன் என்று சொல்ல என் பேர்க்கதைக்குப் போகவேண்டும்.

எனக்குப் பேர் இரண்டு. வீட்டில் ஒன்று, அது முருகன் பேர்களில் ஒன்று. எது என்று எழுதமாட்டேன், எழுதினால் இந்தப் பதிவுக்கே அர்த்தமில்லை. இன்னொன்று அடையாள அட்டையில் இருப்பது. பள்ளியில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர் வீட்டுப் பேரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, வாயில் நுழையவில்லை என்று தானே ஒரு பர்மியப் பேர் வைத்தார். எங்கள் வயசுத் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேருக்கு இப்படித்தான். பர்மியர்கள் பிறந்த கிழமைக்கு ஏற்ற எழுத்தில் பேர் வைப்பார்கள். பேரைக் கேட்டாலே கிழமை தெரிந்துவிடும். எனக்கு அவர் வைத்தது அகரத்தில் தொடங்குகிற பேர், ஞாயிற்றுக்கிழமைக்காரனுக்கு உரியது. நான் பிறந்தது வியாழக்கிழமை, கார்த்திகை நட்சத்திரம். பிறந்த தேதியும் அவரே குத்துமதிப்பாகப் போட்டார்.

ஆக, அம்மாவுக்குத் தெரிந்த பிறந்தநாள் ஒன்று, தலைமையாசிரியர் கொடுத்தது ஒன்று, போன் கடைப் பையன் கொடுத்தது ஒன்று. இந்த மூன்றுக்கும் இரண்டு பேருக்கும் நடுவில் இத்தனை வருஷம் ஒரு குறையுமில்லாமல் வாழ்ந்தேன். கோயிலில் ஒருத்தன், வார்டு ஆபீஸில் ஒருத்தன். இரண்டு பேரும் சந்தித்துக்கொண்டதே கிடையாது. இதை ஏமாற்று என்று யாராவது சொன்னால், எங்கள் தேசிய அட்டையை ஒருதடவை வாங்கிப் பாருங்கள் என்பேன். இனம், மதம், அப்பா பேர், மச்சம் எங்கே இருக்கிறது என்பதுவரை அதில் இருக்கும். எண்ணின் நடுவில் அடைப்புக்குறிக்குள் ஒரு எழுத்து இருக்கும். 1982 சட்டப்படி நீங்கள் முழுக் குடிமகனா, இணைக் குடிமகனா, பின்னால் குடியுரிமை பெற்றவனா என்பதை அந்த ஒரே எழுத்து சொல்லிவிடும். நம் விஷயத்தை இவ்வளவு அப்பட்டமாக அட்டையில் அச்சடித்து வைத்திருக்கும் ஊரில், வீட்டுப் பேர் ஒன்றாவது நம்மிடமே இருக்கட்டும் என்று நினைப்பது பெரிய ஆசையா?

லைனில் பர்மியப் பேர்தான் வைத்திருந்தேன். என் முகம் இருக்கவேண்டிய இடத்தில் பிடவுக் பூ. தண்ணீர்த் திருவிழா சமயத்தில் மஞ்சளாகப் பூக்குமே, அது. இங்கே பாதிப்பேர் முகத்துக்குப் பதில் பூவைத்தான் வைப்பார்கள் என்பதால் யாரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. பூ வைத்ததற்கு வேறு காரணமும் உண்டு. 2017, 2018இல் லைனைத் திறந்தாலே 'கலா' 'கலா' என்று வசவு, இந்தியச் சாயல் உள்ளவர்களைக் கேவலமாகச் சொல்கிற பேர் அது. எங்களைத் திட்டியதில்லை, ரோஹிங்கியா முஸ்லிம்களைத் திட்டியது. ஆனால் தோல் கறுப்பைப் பார்த்துத் திட்டுகிறவன் நின்று நீ எந்த மாவட்டம் என்று கேட்டுவிட்டா திட்டுவான்? வன்முறையைத் தூண்டத் தங்கள் தளம் பயன்பட்டதைத் தடுக்கப் போதுமான அளவு செய்யவில்லை என்று 2018 நவம்பரில் ஃபேஸ்புக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. அதற்கு ரொம்ப முந்தியே நான் பூவாகிவிட்டேன்.

இந்த ஏற்பாட்டைக் கெடுத்தவன் என் அக்கா மகன். நல்ல பையன், பாசக்காரன். ஒருநாள் என் போனை வாங்கி ஏதோ செய்துகொண்டிருந்தான். "என்னடா?" என்றேன். "உங்க பர்த்டே தப்பா இருந்துச்சு மாமா, சரி பண்ணிட்டேன்" என்றான். அம்மா சொன்ன தேதியைப் போட்டிருக்கிறான். பேருக்குப் பின்னால் வீட்டுப் பேரையும் சேர்த்திருக்கிறான். மறுநாள் கணக்கு பூட்டிக்கொண்டது. நீங்கள் நீங்கள்தானா என்று நிரூபிக்க அரசாங்க அட்டையைப் படம் எடுத்து அனுப்பு என்கிறது. அட்டையில் இருப்பதோ தலைமையாசிரியர் தேதி, தலைமையாசிரியர் பேர். அனுப்பினாலும் பொருந்தாது. அதோடு என் மச்சத்தைப் பற்றி எந்த ஊரிலோ உட்கார்ந்திருக்கும் எவனுக்கோ நான் ஏன் சொல்லவேண்டும்?

வேறு வழி, ஈமெயிலுக்கு வரும் எண். அந்த ஈமெயில் யாருடையது? கடையுடையது. கடை மூடி வருஷக்கணக்காகிவிட்டது. அக்கா மகன் விடவில்லை. லைனிலேயே தேடித்தேடி அந்தப் பையனைக் கண்டுபிடித்தான். மலேசியாவில் ஒரு தொழிற்சாலையில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறான். வைபரில் கூப்பிட்டோம். என்னை ஞாபகம் இருக்கிறதாம். சாப்பாட்டு இடைவேளையில் ஈமெயிலைத் திறந்து ஆறு இலக்க எண்ணை வாசித்தான். "ஊலே, இந்தப் பெட்டிக்குத் தினமும் நம்ம ஏரியா ஆளுங்க கடிதமெல்லாம் வருது. யாரோட யாரு சேர்ந்தாங்க, யாரு பிரிஞ்சாங்க எல்லாம் எனக்குத் தெரியும்" என்று சிரித்தான். ஊலே என்றால் பர்மியில் சித்தப்பா மாதிரி. அந்தச் சிரிப்பு எனக்கு என்னமோ செய்தது. இத்தனை வருஷமாக எங்கள் தெருவின் சாவிக்கொத்து பினாங்கிலோ எங்கேயோ ஒரு ஹாஸ்டல் கட்டிலில் கிடந்திருக்கிறது. நல்ல பையன் என்பதால் பிழைத்தோம். வேறொருத்தனாக இருந்தால்?

அப்புறம் ஏன் லைனை விட்டுத்தொலைக்கக் கூடாது என்று கேட்பீர்கள். என் பிழைப்பு அதில் இருக்கிறது. பெயின்னவுங் சந்தையில் ஒரு பருப்பு ஏஜென்டிடம் கணக்கு எழுதுகிறேன். சென்னைக்காரர்கள் உளுந்து விலை கேட்பதும் நாங்கள் சொல்வதும் போனில்தான். ஆனால் அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி என் அத்தை.

1962க்கு அப்புறம் கடைகளையும் கம்பெனிகளையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது லட்சக்கணக்கில் நம் ஜனங்கள் கப்பலேறினார்கள் இல்லையா, அதில் அப்பாவின் தங்கையும் போனார். கொஞ்ச வருஷம் கடிதம் வந்தது, உறை பிரித்து ஒட்டப்பட்டு வரும். பிறகு அதுவும் நின்றது. அப்பா சாகும்வரை தங்கை இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமலே செத்தார். 2016இல் ஒருநாள் அக்கா போட்ட பழைய கல்யாணப் படத்துக்குக் கீழே திருச்சியிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார்: "இதே போட்டோ எங்க வீட்லயும் இருக்கு. இடது ஓரம் நிக்கிறது எங்கம்மா." அன்று ராத்திரி வீடியோவில் அத்தையைப் பார்த்தோம். பொக்கை வாயோடு, அப்பாவின் அதே மூக்கு. "டேய், எங்கண்ணன் மாதிரியே இருக்கியேடா" என்று என்னைப் பார்த்து அழுதார். அத்தை இப்போது இல்லை. பிடவுக் பூவை வைத்துக்கொண்டு நான் ஒளிந்திருந்த அந்த இடம்தான் எனக்கு என் அத்தையைக் கொடுத்தது. இதை நான் மறைக்க முடியாது.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021 பிப்ரவரி 1 காலையில் ஊர் எப்படி மாறியது என்று நான் சொல்லவேண்டியதில்லை. 4ஆம் தேதி ஃபேஸ்புக்கை முடக்கினார்கள், மறுநாளே டுவிட்டரும் இன்ஸ்டாகிராமும் போயின. முடக்கத்தைத் தாண்டிப் போக உதவுகிற விபிஎன் என்ற சொல்லை ஒரு வாரத்துக்குள் என் அம்மாவே கற்றுக்கொண்டார். அன்றிலிருந்து பஸ் ஏறுகிறவர்களுக்குப் புதிதாக ஒரு பழக்கம். சோதனைச் சாவடிக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் பஸ்ஸில் பேச்சு நின்றுவிடும். எல்லார் தலையும் குனிந்திருக்கும். செயலியின் சின்னத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் அது நடுங்கும் பாருங்கள், அந்த நடுக்கம் வரும்வரை காத்திருந்து அழிப்போம். லைன், விபிஎன், படங்கள். வீடு வந்ததும் மறுபடி ஏற்றுவோம். தினமும் இரண்டு வேளை. பல் தேய்ப்பது மாதிரி ஆகிவிட்டது.

ஒருநாள் எங்கள் பஸ்ஸை நிறுத்தினார்கள். என் போனை வாங்கியவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். லைன் இல்லை, விபிஎன் இல்லை. வாட்ஸ்அப்பைத் திறந்தான். தமிழெழுத்து. நம் பர்மிய எழுத்தைப்போலவே உருண்டை உருண்டையாக இருக்கிறதே, ஏன் வாசிக்க முடியவில்லை என்பதுபோல முகத்தைச் சுளித்தான். நடுநடுவே ஆங்கிலத்தில் எஸ்க்யூ, எஃப்ஏக்யூ என்றும் எண்களும் இருந்தன. என்ன எழுதியிருக்கிறது, படி என்றான். பர்மியில் சொல்ல ஆரம்பித்தேன். "எஸ்க்யூ இரண்டு பெட்டி, எஃப்ஏக்யூ ஐந்து பெட்டி தயார். நாளைக்கு ஏற்றிவிடலாமா? யாரிடமும் விலை சொல்லவேண்டாம்." பாதி சொல்லும்போதுதான் காதில் எப்படி விழுகிறது என்று எனக்கே உறைத்தது. முதுகில் வேர்வை ஓடியது. எஸ்க்யூ என்றால் உசத்தி உளுந்து, எஃப்ஏக்யூ என்றால் அதற்கு அடுத்த ரகம், பெட்டி என்றால் கண்டெய்னர் என்று குழறிக் குழறிச் சொன்னேன். சட்டைப்பையில் துழாவினேன். கணக்குப்பிள்ளைகள் பையில் எப்போதும் நாலு சாம்பிள் மணி கிடக்கும். உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். "மத்பேயா?" என்றான், உளுந்துக்குப் பர்மியில் மத்பே. "மத்பேதான்" என்றேன். ஒரு மணியை எடுத்து வாயில் போட்டுக் கடித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தான். அட்டையில் இருந்த பேரை மட்டும் இன்னொரு தடவை பார்த்தான். வாட்ஸ்அப்பில் என்னைக் கூப்பிட்டிருந்தது வேறு பேர். அதை அவனால் வாசிக்க முடியவில்லை. தமிழ்த்தாய் வாழ்க என்று அன்றைக்கு மனசாரச் சொன்னேன்.

வீட்டுக்கு விருந்தாளி வந்து ராத்தங்கினால் வார்டு ஆபீஸில் போய் எழுதிவைக்கவேண்டும் என்ற பழைய வழக்கத்தை 2016இல் எடுத்திருந்தார்கள். 2021 பிப்ரவரியில் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். சின்ன வயசில் நடுராத்திரி கதவைத் தட்டி, குடும்பப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு டார்ச் அடித்துத் தலை எண்ணியதைப் பார்த்திருக்கிறேன். மாமா ஒருத்தர் கொசுவலைக்குள் அம்மாவுக்குப் பின்னால் படுத்து ஒளிந்ததும் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு ஆள் வரவேண்டியிருந்தது, தட்டவேண்டியிருந்தது. கதவு திறக்கும்வரை ஒரு நிமிஷமாவது கிடைத்தது. இன்றைக்கு யார் வீட்டில் யார் என்று நாமே படத்தோடு, மணியோடு எழுதிக்கொடுக்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கோயில் திருவிழா. எந்தக் கோயில், எந்த மாசம் என்று கேட்காதீர்கள். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் இருந்தபோது நேர்ந்துகொண்டது, பூ மிதித்தேன். மஞ்சள் வேட்டி, மேலுக்கு ஒன்றுமில்லை, நெற்றி நிறைய விபூதி, நாற்பத்தெட்டு நாள் தாடி. குழியில் காலை வைக்கிற நேரத்தில் ஒரு மனுஷன் முகம் எப்படி இருக்கும் என்று அவனுக்கே தெரியக் கூடாது. அது அவனுக்கும் மாரியம்மனுக்கும் உள்ள விவகாரம். எனக்குத் தெரியவைத்தான் அக்கா மகன். கரையைத் தொட்டு, பால் குண்டத்தில் காலை நனைத்து நிமிர்கிறேன், எதிரே போனை நீட்டுகிறான். "மாமா, நானூறு பேர் லைவ்ல பாத்தாங்க!"

வீட்டுக்கு வந்து பார்த்தால் வீடியோ, படங்கள், முதல் படத்தில் குழிக்குப் பக்கத்தில் என் தோளில் கைபோட்டுக்கொண்டு அவன். மேலே வீட்டுப் பேரைப் போட்டு "எங்க மாமா" என்று எழுதி, பிடவுக் பூக் கணக்கை அதில் இணைத்திருக்கிறான். கோயில் பேர், தெருப் பேர், நேரம். நாற்பது வருஷம் சந்திக்காத இரண்டு பேரையும் ஒரு நொடியில் கட்டிப்பிடிக்க வைத்துவிட்டான்.

"எடுடா" என்றேன்.

"ஏன் மாமா? கமிட்டிக்காரங்களும் போட்டிருக்காங்க. நான் எடுத்தா மட்டும் போயிடுமா?"

அவன் சொன்னது சரி. அதுதான் ஆத்திரமாக வந்தது. என் போனை நான் ஆயிரம் தடவை துடைக்கலாம். கமிட்டித் தலைவர் போனை யார் துடைப்பது? கூட்டத்தில் நின்ற நானூறு பேர் போனை? என் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு அடுத்த வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் என் படத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

"என்னைப் பத்தி விடு" என்றேன். "உன் மூஞ்சி ஏன் அதுல?"

அவன் பேசவில்லை. 2024 பிப்ரவரி 10ஆம் தேதி கட்டாய ராணுவச் சேவை என்று அறிவித்தார்கள். ஆண்களுக்கு 18லிருந்து 35 வயசு. அன்றிலிருந்து அக்கா தெருமுனையில் லாரிச் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு எழுந்து நிற்கிறார். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் அவனை வெளியே விடுவதில்லை. நம்பிக்கையான டிரைவர் என்றால்தான் டாக்சியில் ஏற்றுகிறார். அதே வீட்டில், அதே சோபாவில் உட்கார்ந்துகொண்டு இவன் நானூறு பேருக்கு லைவ் காட்டுகிறான். இருட்டுக்கு அக்கா பயப்படுவார், லாரிக்குப் பயப்படுவார். கைக்குள் வெளிச்சமாக, பாட்டுப் பாடிக்கொண்டு, தூரத்துச் சொந்தங்களின் முகமெல்லாம் காட்டுகிற சாமானுக்கு யார்தான் பயப்படுவார்கள்?

இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் டீக்கடைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்துச் சொன்னேன், திட்டாமல். கேட்டுக்கொண்டான். லைவை எடுத்தான், இணைப்பை எடுத்தான், கோயில் பேரை எடுத்தான். வீட்டுப் பேரை அழித்துவிட்டு "மாமா" என்று மட்டும் வைத்தான். முதல் படத்தை மட்டும் எடுக்கமாட்டேன் என்றான். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நல்லதாக எடுத்த படம் அது ஒன்றுதானாம். விட்டுவிட்டேன். என் முகமும் நன்றாகத்தான் இருந்தது.

நேற்று ராத்திரி விபிஎன்னை ஏற்றி, படம் அங்கேயே அப்படியே இருக்கிறதா என்று பார்த்தேன். கீழே திருச்சி அத்தை மகள் எழுதியிருந்தார். என் வீட்டுப் பேர், இனிஷியலோடு, அப்புறம்: "அத்தான், பூ மிதிச்சீங்களா! அம்மா இருந்திருந்தா எவ்ளோ சந்தோஷப்பட்டிருப்பாங்க. பக்கத்துல நிக்கிறது மதினி மகனா? என்னமா வளந்துட்டான்! என்ன வயசாச்சு?"

என்ன பதில் எழுதுவது, எழுதாமல் விட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அதற்குக் கீழே அக்காவின் பதில் வந்து விழுந்தது.

"போன மாசந்தான் 24 முடிஞ்சுது. உங்க பக்கம் நல்ல பொண்ணா இருந்தா சொல்லுங்க."